அருமண் பாஸ்பர் தயாரிப்பு: முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஃபர்னஸைப் பாருங்கள்

வேலூர், காட்பாடி, சேர்க்காடு வட்டாரத்தில் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்குப் பாஸ்பர் எடுக்கும் மாணவர்கள் முதலில் கேட்பது, "எந்த முறையில செஞ்சா நல்லா வரும்?" என்பதுதான். பதிலுக்கு ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டும் முன், டிபார்ட்மென்ட் மூலையில் நிற்கும் மஃபிள் ஃபர்னஸ் என்ற மின் உலையின் தகட்டைப் படியுங்கள். காந்தல் (Kanthal) என்ற சூடேற்றுக் கம்பி சுற்றியது என்றால் 1000, மிஞ்சினால் 1100 டிகிரி செல்சியஸ். சிலிக்கன் கார்பைடு தண்டு வைத்தது 1400 வரை போகும். மாலிப்டினம் டைசிலிசைடு தண்டு இருந்தால் 1600. கலைக் கல்லூரிகளில் பெரும்பாலும் முதல் வகைதான் இருக்கும். உங்கள் முறையைப் பாதிக்கு மேல் அதுவே முடிவு செய்துவிடுகிறது.

பாஸ்பர் என்பது ஒரு வகைக் கதிரை வாங்கிக்கொண்டு வேறு நிற வெளிச்சமாகத் திருப்பித் தரும் தூள். பெயரைப் பார்த்துப் பாஸ்பரஸ் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான பாஸ்பர்களில் அந்தத் தனிமமே கிடையாது. சி.எஃப்.எல். பல்பின் உள்பக்கம் பூசியிருக்கும் வெள்ளைப் பூச்சு பாஸ்பர்தான். அதில் சிவப்பைத் தருவது யூரோப்பியம் சேர்த்த இட்ரியம் ஆக்சைடு. இரண்டுமே அருமண் (rare earth) தனிமங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதையே எடுத்துக்கொள்வோம். ஒரே பொருளை வெவ்வேறு முறைகளில் செய்து பார்த்தால்தான் முறைகளுக்கு இடையிலான வித்தியாசம் கண்ணுக்குப் படும்.

இட்ரியம் ஆக்சைடு வெறும் வெள்ளைத் தூள், தானாக ஒளிராது. அதன் படிகத்தில் நூறு இட்ரியம் அயனிகளில் ஐந்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மூவிணைதிற (+3) யூரோப்பியத்தை வைத்தால், 254 நானோமீட்டர் புற ஊதாவில் 611 நானோமீட்டர் சிவப்பு வரும். இட மாற்றம் எளிதாக நடக்கக் காரணம் அளவுப் பொருத்தம்: இட்ரியம் அயனியின் ஆரம் 0.90 ஆங்ஸ்ட்ராம், யூரோப்பியத்தினுடையது 0.95. ஐந்துக்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் வெளிச்சம் கூடாது, குறையும். யூரோப்பியங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி, ஆற்றலைக் கைமாற்றிக் கைமாற்றி, கடைசியில் ஏதோ ஒரு குறைபாட்டில் கொண்டுபோய்த் தொலைத்துவிடும்.

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு. யூரோப்பியம் ஓரிடத்தில் குவியாமல் சீராகப் பரவ வேண்டும். படிகம் குறையில்லாமல் வளர வேண்டும். சீரான பரவல் கலக்கும் முறையால் வருவது. படிகத் தரம் கடைசியாகக் கொடுக்கும் சூட்டால் வருவது. முறைகளை ஒப்பிடுகிறோம் என்று சொல்லும் பல ப்ராஜெக்டுகள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் குழப்பிக்கொள்கின்றன.

எடைக் கணக்கு

0.01 மோல் பொருள் செய்யலாம். இட்ரியம் ஆக்சைடு 0.0095 மோல், அதாவது 2.145 கிராம். யூரோப்பியம் ஆக்சைடு 0.0005 மோல், 0.176 கிராம். மொத்தம் 2.32 கிராம். எக்ஸ்.ஆர்.டி. (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனை), ஒளிர்வு நிறமாலை, ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) மூன்றுக்கும் கொடுத்து மீதமும் இருக்கும். யூரோப்பியத்தில் 5 மில்லிகிராம் தவறினால் கிட்டத்தட்ட மூன்று சதவீதப் பிழை என்பதால் நான்கு தசம இலக்கத் தராசு அவசியம். அதன் கதவை மூடி, ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் எடை பார்க்க வேண்டும்.

எடை போடும் முன் ஆக்சைடுகளை 900 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டு, ஈரம் புகாத டெசிகேட்டர் கலத்தில் ஆறவிடுங்கள். அருமண் ஆக்சைடுகள் அலமாரியில் இருந்தபடியே ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இது இன்னும் மோசம். லாந்தனம் ஆக்சைடு பயன்படுத்துபவர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. அது ஹைட்ராக்சைடாகவே மாறிவிடும், எடைக் கணக்கு முழுதும் பொய்யாகும்.

திண்மநிலை முறை

இருப்பதில் பழையது, எளியது, தொழிற்சாலைகள் இன்றும் நம்புவது. இரண்டு ஆக்சைடுகளையும் அகேட் கல்வத்தில் போட்டு, தூள் நனையும் அளவு அசிட்டோன் விட்டு ஒரு மணி நேரம் அரைக்க வேண்டும். மே மாதத்தில் ஏ.சி. இல்லாத லேபில் அசிட்டோன் சில நிமிடத்தில் பறந்துவிடும். எத்தனாலுக்கு மாறினால் கொஞ்சம் நின்று அரைக்கலாம். பீங்கான் கல்வம் வேண்டாம். அதன் பரப்பு தேய்ந்து தூளோடு சேரும். எஃகு உருண்டை போட்ட பால் மில்லும் வேண்டாம். இரும்பு மிகக் கொஞ்சம் கலந்தாலும் ஒளிர்வைத் தின்றுவிடும்.

அரைத்ததை அலுமினா மூசையில் (சூடு தாங்கும் கிண்ணம்) போட்டு, நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் ஏற்றி, 1300 முதல் 1400 டிகிரியில் நான்கு முதல் ஆறு மணி நேரம் வைக்க வேண்டும். பீங்கான் மூசை இந்தச் சூட்டில் மென்மையாகும், அதன் சிலிக்கா தூளோடு வினைபுரியும். ஆறியதும் எடுத்து மறுபடி அரைத்து மறுபடி ஒரு முறை சுடுவது நல்லது. திண்மத்துக்குள் அயனிகள் நகர்வது மிக மெதுவாக. ஒரு துகளிலிருந்து அடுத்த துகளுக்கு யூரோப்பியம் போய்ச் சேர வேண்டுமானால் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மறு அரைப்பு புதிய தொடுபரப்பைத் தருகிறது.

1000 டிகிரி ஃபர்னஸில் இதையே செய்தால் என்ன ஆகும்? வெளியே வருவது பெருமளவு இரண்டு ஆக்சைடுகளின் கலவை. 254 விளக்கில் மங்கலான சிவப்பு தெரியும். அதை நம்பி ஏமாற வேண்டாம். எக்ஸ்.ஆர்.டி.யில் இட்ரியம் ஆக்சைடின் முக்கிய உச்சம் 29.15 டிகிரி கோணத்தில் வரும். அதன் இடப்பக்கம் 28.4 அருகே சின்னதாக ஒரு மேடு இருந்தால் அது கலக்காமல் மிஞ்சிய யூரோப்பியம் ஆக்சைடு. ஐந்து சதவீதமும் உள்ளே போயிருந்தால் அந்த மேடு மறையும். முக்கிய உச்சமும் ஏறத்தாழ 0.04 டிகிரி இடப்பக்கம் நகரும். இவ்வளவு சிறிய நகர்வைக் கருவியின் சொந்தப் பிழையே விழுங்கிவிடும் என்பதால், மேட்டைப் பார்த்து முடித்தபின் கொஞ்சம் சிலிக்கன் தூளைக் கலந்து அதன் உச்சத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு பாருங்கள். சிலிக்கனை ஒளிர்வு அளக்கும் மாதிரியில் போட்டுவிடாதீர்கள்.

ஃபிளக்ஸ் என்று ஒரு குறுக்குவழி உண்டு. எடையில் 2 சதவீதம் போரிக் அமிலம் சேர்த்தால் அது உருகித் துகள்களுக்கிடையே பாலமாகி, தேவையான சூட்டை நூறு, நூற்றைம்பது டிகிரி குறைக்கும். அளவு கூடினால் இட்ரியம் போரேட் உருவாகும். அதிலும் யூரோப்பியம் ஒளிரும், ஆனால் 593 நானோமீட்டரில், ஆரஞ்சாக. சிவப்பு வெளுத்து ஆரஞ்சு தட்டினால் போரிக் அமிலத்தைச் சந்தேகியுங்கள்.

எரிதல் முறை

500 டிகிரி ஃபர்னஸ் போதும், அரை மணியில் முடியும் என்பதால் நம் கல்லூரிகளில் இதற்குத்தான் கிராக்கி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கிங்ஸ்லியும் கே.சி. பாட்டீலும் அலுமினாவையும் அதைச் சார்ந்த ஆக்சைடுகளையும் இப்படிச் செய்து 1988-இல் வெளியிட்டார்கள். அதன் பிறகு இந்த முறை பாஸ்பர் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

உலோக நைட்ரேட் ஆக்சிஜன் தருவது. யூரியா அல்லது கிளைசின் எரிபொருள். இரண்டையும் சரியான விகிதத்தில் கலப்பதில்தான் சூட்சுமம். இணைதிறன் கணக்கு இது: இட்ரியம் +3, ஒன்பது ஆக்சிஜன் –18, நைட்ரஜன் 0; ஆக நைட்ரேட்டுக்கு –15. கிளைசினில் இரண்டு கார்பன் +8, ஐந்து ஹைட்ரஜன் +5, இரண்டு ஆக்சிஜன் –4, ஆக +9. பதினைந்தை ஒன்பதால் வகுத்தால் 1.67. ஒரு மோல் உலோகத்துக்கு 1.67 மோல் கிளைசின். நம் 0.01 மோல் ஆக்சைடில் உலோகம் 0.02 மோல்; அதற்கு 2.50 கிராம். யூரியாவின் மதிப்பு +6, ஆகவே 2.5 மோல், 3.00 கிராம்.

நைட்ரேட் உப்பை நேராக எடை போடுவதில் ஒரு சிக்கல். பாட்டிலில் ஆறு நீர் மூலக்கூறு என்று அச்சிட்டிருந்தாலும் மழைக்காலத்தில் அது கசிந்து கூழாக இருக்கும். சுட்ட ஆக்சைடை எடை போட்டு அமிலத்தில் கரைப்பதே நம்பகமானது. மேலே சொன்ன 2.32 கிராமுக்கு அடர் நைட்ரிக் அமிலம் 5 மில்லி, அதே அளவு நீர், 70 டிகிரி சூடு. முதலில் கரையாதது போல் இருக்கும், திடீரென வேகமாகக் கரையும். அவசரப்பட்டு அமிலத்தைக் கூட்டாதீர்கள். கரைந்தபின் ஏறக்குறைய வற்றும்வரை ஆவியாக்கி, நீர் விட்டு, மறுபடி வற்றவிட வேண்டும். மிஞ்சிய நைட்ரிக் அமிலமும் ஆக்சிஜன் தரும் பொருள் என்பதால், அதை விரட்டாவிட்டால் எரிபொருள் கணக்கு தவறும். டெர்பியம் ஆக்சைடுக்கு இரண்டு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு தேவைப்படும். சுட்ட சீரியம் டைஆக்சைடு நைட்ரிக் அமிலத்தில் கரையவே கரையாது; அதற்கு மட்டும் நைட்ரேட் உப்பைத்தான் வாங்க வேண்டும்.

கரைசலில் கிளைசினைச் சேர்த்து, 300 மில்லி கொள்ளும் அகலமான கிண்ணத்தில் ஊற்றி, 500 டிகிரிக்கு ஏற்கெனவே சூடான ஃபர்னஸில் வையுங்கள். இரண்டரை கிராம் தூளுக்கு இவ்வளவு பெரிய பாத்திரமா என்றால், ஆமாம். நீர் வற்றியதும் கரைசல் பால் பொங்குவது போல் பொங்கும், பழுப்புப் புகை வரும், ஓர் ஓரத்தில் தீப்பிடித்துச் சில நொடிகளில் முழுக்க ஓடிவிடும். சின்னப் பாத்திரமானால் பாதி தூள் ஃபர்னஸ் செங்கல்லில் ஒட்டியிருக்கும். பாத்திரத்தின் மேல் எஃகு வலை ஒன்று வைத்தால் பறக்கும் தூள் மிஞ்சும். பழுப்புப் புகை நைட்ரஜன் டைஆக்சைடு. ஃபியூம் ஹூட் (புகையை வெளியே இழுக்கும் அடுக்கு) இல்லாத அறையில் இதைச் செய்யக் கூடாது. ஒரே தடவையில் இருபது கிராம் செய்யலாமே என்ற ஆசையும் கூடாது. கிளைசின்–நைட்ரேட் கலவை அளவு கூடினால் வெடிக்கும்.

வரும் தூள் பஞ்சாக, வெள்ளையாக இருந்தால் சரி. சாம்பல் நிறமானால் எரிபொருள் அதிகம், கார்பன் மிஞ்சியிருக்கிறது. தீப்பிடிக்காமல் புகைந்தே அணைந்தால் எரிபொருள் குறைவு, அல்லது ஃபர்னஸ் கதவை அதிக நேரம் திறந்து வைத்துச் சூடு இறங்கியிருக்கிறது.

சில நொடித் தீயில் படிகம் உருவாகும், ஆனால் முழுமையடைய நேரம் போதாது. "500 டிகிரியிலேயே பாஸ்பர் தயார்" என்று எழுதும் கட்டுரைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே தூளை 1000 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட்டுவிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்து விளக்கடியில் பாருங்கள். சுட்டது பளிச்சென்று தெரியும். ஐ.ஆர். நிறமாலையில் காரணம் கிடைக்கும்: சுடாததில் 3400 செ.மீ.⁻¹ அருகே ஹைட்ராக்சில் பட்டையும் 1400, 1500 அருகே கார்பனேட் பட்டைகளும் இருக்கும். ஹைட்ராக்சிலின் அதிர்வு யூரோப்பியத்தின் ஆற்றலை வெளிச்சமாக விடாமல் சூடாகக் கழித்துவிடுகிறது.

வீழ்படிவு முறை

அதே நைட்ரேட் கரைசலை 200 மில்லியாக்கினால் 0.1 மோலார். அதில் அம்மோனியா விட்டால் ஹைட்ராக்சைடு விழும். அது வழவழவென்று ஜெல்லாக விழுந்து வடிதாளை அடைத்துவிடும், காய்ந்தால் கல். ஆக்சாலிக் அமிலம் நல்ல தேர்வு. 0.03 மோல் தேவை, இருபது சதவீதம் கூடுதலாக 4.5 கிராம் எடுத்து வெந்நீரில் கரைத்து, 60 டிகிரியில் கலக்கிக்கொண்டே மெதுவாக விடுங்கள். அம்மோனியாவால் பி.எச். 2 அருகே வைத்து, ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். மணல்மணலாக இறங்கும், வடிப்பதும் எளிது. கழுவி, 100 டிகிரியில் உலர்த்தி, 900 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுட வேண்டும். எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். ஆக்சலேட்டும் நீரும் போகின்றன, பயப்பட வேண்டாம்.

இந்த முறையில் நம் ஊருக்கென்று ஒரு ஆபத்து, தண்ணீர். வேலூர்ப் பக்கத்து போர்த் தண்ணீரில் கால்சியம் தாராளம். ஆக்சலேட் இருக்கும் இடத்தில் கால்சியம் வந்தால் கால்சியம் ஆக்சலேட்டாக அதுவும் கூடவே விழும், சுட்டபின் உங்கள் பாஸ்பருக்குள் உட்கார்ந்திருக்கும். காய்ச்சி வடித்த நீர் என்று கேனில் வருவதையும் சோதியுங்கள்: சோதனைக்குழாயில் கொஞ்சம் எடுத்து அம்மோனியம் ஆக்சலேட் கரைசல் சில சொட்டு விட்டுக் கலங்கினால் அந்தக் கேன் உதவாது.

அறை வெப்பநிலை என்று கட்டுரையில் இருப்பது 25 டிகிரி. கத்திரி வெயிலில் இங்கே லேப் அதைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். வீழ்படிவின் துகள் அளவு மாறும். தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். அம்மோனியா பாட்டிலை அந்த நாட்களில் குளிர்ந்த நீரில் வைத்துவிட்டுத் திறப்பது நல்லது, இல்லையென்றால் முகத்தில் சீறும்.

உருண்டையான, ஒரே அளவுத் துகள் வேண்டுமானால் யூரியாவைக் கரைசலிலேயே சிதைக்கலாம். உலோகம் 0.015 மோலார், யூரியா 0.5 மோலார், 90 டிகிரி, இரண்டு மணி நேரம். யூரியா மெல்ல மெல்ல உடைந்து பி.எச்.சைக் கரைசல் முழுக்கச் சமமாக ஏற்றுவதால் நுண்ணிய கோளங்கள் விழும். கிடைக்கும் தூள் ஒரு லிட்டருக்கு ஒன்றே முக்கால் கிராம்தான்.

வீழ்படிவு முறை இட்ரியம்–யூரோப்பியம் போன்ற ஒரே குணமுள்ள ஜோடிக்குத்தான் பொருந்தும். ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டை அம்மோனியாவில் செய்ய முயன்றால், அலுமினியம் விழும், ஸ்ட்ரான்சியம் கரைசலிலேயே நின்று வடிநீரோடு போய்விடும்.

பெச்சினி முறை

மாஜியோ பெச்சினி 1967-இல் காப்புரிமை பெற்ற முறை. பலர் இதையே சால்–ஜெல் என்று எழுதுகிறார்கள். சிட்ரிக் அமிலம் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும், எத்திலீன் கிளைக்கால் அந்தப் பிடிகளைச் சங்கிலியாக்கும். யூரோப்பியம் பிரிந்துபோக வழியே இல்லாததால் பரவல் மிகச் சீராக இருக்கும். ஸ்ட்ரான்சியமும் அலுமினியமும் போன்ற முரண்பட்ட ஜோடிக்கும் ஒத்துவரும். 0.02 மோல் உலோகத்துக்கு சிட்ரிக் அமில மோனோஹைட்ரேட் 8.4 கிராம், எத்திலீன் கிளைக்கால் 5 மில்லி. 80 டிகிரியில் கலக்கிக்கொண்டே வற்றவிட்டு, 130 டிகிரியில் பிசினாக்கி, 400 டிகிரியில் கருக்கி, பொடித்து, 900க்கு ஏற்ற வேண்டும்.

தவறு நடப்பது 400 டிகிரிப் படியில். அதை அவசரப்படுத்தினால் கார்பன் உள்ளே மாட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு சுட்டாலும் லேசான பழுப்பு போகாது. மூடி போடாமல், கதவைச் சற்றே திறந்து, காற்றோட்டத்தில் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

அடைத்த பாத்திரத்தில் நீரை அழுத்தத்தோடு சூடாக்கும் ஹைட்ரோதெர்மல் முறை பற்றி ஒரு பத்தி போதும். டெஃப்ளான் உறை போட்ட எஃகு ஆட்டோகிளேவில் 180 டிகிரி, 12 முதல் 24 மணி நேரம். கொள்ளளவில் 70 முதல் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது, 220 டிகிரியைத் தாண்டக் கூடாது, முழுதும் ஆறாமல் திறக்கக் கூடாது. குச்சி, தட்டு என்று அழகான வடிவங்கள் வரும். ஆனால் நம் பொருளுக்கு அதில் கிடைப்பது பெரும்பாலும் ஹைட்ராக்சைடு. ஆக்சைடாக்க மறுபடி ஃபர்னஸுக்குத்தான் போக வேண்டும். சோடியம் இட்ரியம் ஃபுளோரைடு செய்பவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல முறை.

நியாயமான ஒப்பீடு

திண்மநிலையை 1300-லும் எரிதல் தூளை 500-லும் நிறுத்திவிட்டு ஒளிர்வை ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிட்டது சூட்டை. எல்லா மாதிரிகளுக்கும் ஒரே பாட்டில் ஆக்சைடு, ஒரே ஐந்து சதவீதம், கடைசியில் ஒரே ஃபர்னஸில் 1000 டிகிரி, இரண்டு மணி நேரம். மூசைகளை அருகருகே வைத்து ஒரே தடவையில் சுடுவது இன்னும் நல்லது. நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் ஏற மட்டும் மூன்றேகால் மணி நேரம் ஆகும். யு.பி.எஸ். இந்த ஃபர்னஸைத் தாங்காது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளா என்று பேப்பரில் பார்த்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். நடுவில் கரண்ட் போனால் தூள் கெடாது, ஆனால் எல்லா மூசைகளையும் சேர்த்தே மறுபடி சுட வேண்டும்.

இப்படிச் செய்தால் பெச்சினி, ஆக்சலேட், எரிதல் மூன்றும் ஏறத்தாழ ஒரே வரிசையில் நிற்கும்; 1000 டிகிரியில் பின்தங்குவது திண்மநிலை. 1400 டிகிரி ஃபர்னஸ் இருந்தால் நிலைமை தலைகீழாகும். சில மைக்ரான் அளவுக்கு வளர்ந்த அதன் துகளில் மேற்பரப்பு குறைவு, மேற்பரப்பில் வீணாகும் வெளிச்சமும் குறைவு. பல்புக்கு அதுதான் வேண்டும். மெல்லிய பூச்சுக்கும் மைக்கும் நுண்துகள் தேவை என்றால் மட்டும் கொஞ்சம் பிரகாசத்தை விட்டுக்கொடுத்து, கரைசலில் தொடங்கும் ஈரமுறைக்குப் போகலாம்.

முதல் சோதனைக்கு வேதியியல் துறையின் டி.எல்.சி. விளக்கு (வண்ணப்பிரிகைத் தகட்டைப் பார்க்கும் புற ஊதா விளக்கு) போதும், 254 நானோமீட்டர் பொத்தானில். லாங்கு பஜார் கடைகளில் இருக்கும் கள்ளநோட்டு விளக்கு 365. அதில் இந்தத் தூள் சோம்பலாகத்தான் ஒளிரும், தோல்வி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 254 கண்ணையும் தோலையும் சுடும், கண்ணாடியும் கையுறையும் போடுங்கள்.

கண்ணாடிப் பாத்திரங்களைக் குரோமிக் அமிலத்தில் கழுவும் வழக்கம் சில லேபுகளில் இன்னும் இருக்கிறது. பாஸ்பர் வேலைக்கு அதைக் கைவிடுங்கள். குரோமியம் அலுமினாவில் சேர்ந்தால் 694 நானோமீட்டரில் தன் சொந்தச் சிவப்பைக் காட்டும், அதை யூரோப்பியத்தின் உச்சம் என்று எழுதிவிடுவார்கள். குரோமியக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த ராணிப்பேட்டையின் கதை தெரிந்த வட்டாரத்தில், அதைத் தொட்டியில் ஊற்றக் கூடாது என்பதற்கு வேறு காரணம் சொல்ல வேண்டியதில்லை. பத்து சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தால் போதும்.

பச்சை வேண்டுமானால்

இருட்டில் மணிக்கணக்காகப் பச்சையாக ஒளிரும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டுக்கு வேண்டியது ஈரிணைதிற யூரோப்பியம், துணைக்கு டிஸ்ப்ரோசியம். காற்றில் சுட்டால் யூரோப்பியம் மூவிணைதிறத்திலேயே நிற்கும். முறைப்படி 5 சதவீத ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனில் 1300 டிகிரியில் சுட வேண்டும். வாயு இல்லாத லேபில் செய்வது: தூள் இருக்கும் சின்ன மூசையைப் பெரிய மூசைக்குள் வைத்து, இடைவெளியில் தேங்காய்ச் சிரட்டைக் கரியை நிரப்பி மூடிவிடுவது. கரி கார்பன் மோனாக்சைடு தரும், அது யூரோப்பியத்தைக் குறைக்கும். அந்த வாயுவுக்கு மணமில்லை, ஆளைக் கொல்லும். ஃபர்னஸின் புகைவழி கட்டடத்துக்கு வெளியே போகிறதா என்று முதலில் பாருங்கள். தூள் விளக்கடியில் சிவப்பாகத் தெரிந்தால் கரி தீர்ந்துவிட்டது அல்லது மூடி பொருந்தவில்லை. புதுக் கரி போட்டு மறுபடி சுடலாம்.

இந்தத் தூளைத் தண்ணீரில் கழுவாதீர்கள். இட்ரியம் ஆக்சைடு தண்ணீரைத் தாங்கும், இது தாங்காது; மெல்லச் சிதைந்து ஒளியை இழக்கும். கழுவ வேண்டியிருந்தால் எத்தனால். வைப்பது இறுக்கி மூடிய பாட்டிலில், சிலிக்கா ஜெல்லோடு.